300 கிலோமீட்டருக்கு 70 நிமிடம் ஏன்?

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு விமானச் சீட்டு எடுத்தவர்கள் அதில் போட்டிருக்கும் நேரத்தைக் கவனித்திருப்பார்கள். காலை 8 மணிக்குப் புறப்பாடு என்றால் 9.10க்குச் சேரும் என்று இருக்கும். சில நிறுவனங்கள் 65 நிமிடம் போடுகின்றன, சில 75 நிமிடம். நடுவாக 70 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரம் 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது. 300ஐ 800ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22 நிமிடம்தான் வருகிறது. அப்படியானால் மீதி 48 நிமிடம் எங்கே போகிறது?

இது வெறும் புதிர்க் கணக்கு அன்று. உலகிலேயே மிக அதிகமான விமானங்கள் பறக்கும் அனைத்துலகத் தடங்களில் இது ஒன்று. 2018ஆம் ஆண்டு ஓஏஜி நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், ஓராண்டில் 30,000க்கும் அதிகமான சேவைகளுடன் இத்தடம் முதலிடத்தில் இருந்தது. நம்மில் பலருக்கு அண்ணன் அங்கே, தங்கை இங்கே. கல்யாணம், காதணி விழா, இறப்பு என்று எதற்காவது போய்வந்துகொண்டே இருக்கிறோம். “ஒரு மணி நேரம்தானே” என்று நம்பிக் கிளம்பி, தாலி கட்டி முடிந்தபின் மண்டபத்துக்குள் நுழைபவர்களும் உண்டு.

தூரத்தை நாமே அளக்கலாம்

முதலில் தூரம். உயர்நிலைப் பள்ளியில் படித்த பைத்தகரஸ் தேற்றமே இதற்குப் போதும்.

சாங்கி விமான நிலையம் வட அட்சரேகை 1.36 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 103.99 பாகையிலும் இருக்கிறது. செப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ 2.75 பாகையிலும் 101.71 பாகையிலும் இருக்கிறது. வடக்கே 1.39 பாகை, மேற்கே 2.28 பாகை வித்தியாசம். நிலநடுக்கோட்டின் அருகே ஒரு பாகை என்பது எந்தப் பக்கம் அளந்தாலும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆக வடக்கே 154 கிலோமீட்டர், மேற்கே 253 கிலோமீட்டர். இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 296 கிலோமீட்டர் வருகிறது. பூமியின் வளைவைச் சேர்த்துத் துல்லியமாகக் கணக்கிட்டாலும் இதிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான் மாறும். விமானிகளின் அளவையில் இது 160 கடல் மைல்.

லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ இந்தக் குறுக்குவழி உதவாது. அவ்வளவு தொலைவில் பூமியின் உருண்டை வடிவம் கணக்கைக் கெடுத்துவிடும். நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகளும் நெருங்கி வந்துவிடும். நாம் நிலநடுக்கோட்டின் ஓரத்தில் குடியிருப்பதால் கிடைத்த சலுகை இது.

இங்கே இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. சிங்கப்பூர் நகர மண்டபத்திலிருந்து கோலாலம்பூர் நகர மையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 315 கிலோமீட்டர். செப்பாங், கோலாலம்பூருக்குத் தெற்கே நம் பக்கமாக இருப்பதால் விமானம் பறக்கும் தூரம் அதைவிடக் குறைவு. ஆனால் பயணி பயணம் செய்யும் தூரம் அதிகம். நகரத்திலிருந்து சாங்கிக்கு 20 கிலோமீட்டர், வானில் 296, பிறகு கேஎல்ஐஏயிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ரயிலில் 57. கூட்டினால் 373 கிலோமீட்டர். சாலை வழியே போனால் ஏறக்குறைய 350தான்.

சென்னைச் சீட்டு சொல்லும் விடை

அந்த 48 நிமிடத்தைத் தேட நமக்குத் தெரிந்த இன்னொரு பயணத்தைத் துணைக்கு அழைக்கலாம். சிங்கப்பூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். பயண நேரம் சுமார் 4 மணி 10 நிமிடம், அதாவது 250 நிமிடம். கோலாலம்பூரைவிடத் தூரம் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. நேரமோ நான்கு மடங்குகூட இல்லை.

இரண்டையும் கழித்துப் பாருங்கள். கூடுதல் தூரம் 2,600 கிலோமீட்டர். கூடுதல் நேரம் 180 நிமிடம். மணிக்கு 867 கிலோமீட்டர் வருகிறது. ஜெட் விமானத்தின் உண்மையான பறக்கும் வேகம் இதுதான். இந்த வேகத்தில் 300 கிலோமீட்டருக்கு 21 நிமிடம் போதும். 70லிருந்து 21ஐக் கழித்தால் 49.

அதாவது கோலாலம்பூர் போனாலும் சென்னை போனாலும் இந்த 49 நிமிடத்தைக் கட்டியே ஆகவேண்டும். டாக்சியில் ஏறியதும் மீட்டரில் விழும் தொடக்கக் கட்டணம் போலத்தான். நீண்ட பயணத்தில் அது கண்ணில் படுவதில்லை. குறுகிய பயணத்தில் மொத்தக் கட்டணமே அதுவாகிவிடுகிறது.

கட்டை எடுப்பது முதல் கட்டை வைப்பது வரை

கால அட்டவணையில் போடும் நேரம் விமானம் வானில் இருக்கும் நேரம் அன்று. நிறுத்துமிடத்தில் விமானத்தின் சக்கரங்கள் உருளாதபடி முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்த நொடி முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடியும் கட்டை வைக்கும் நொடி வரை உள்ளதே பயண நேரம். விமானத் துறையில் இதை ‘பிளாக்’ நேரம் என்பார்கள்.

சாங்கியில் இழுவை வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளிவிட, இயந்திரங்களை இயக்கி, ஊர்ந்துபோய், ஓடுபாதையின் நுனியில் வரிசையில் நிற்பதற்குள் 15 நிமிடம் ஆகிவிடும். உச்ச நேரத்தில் அதற்கும் மேலே. செப்பாங்கில் இறங்கியபின் முனையத்தை அடைய இன்னொரு 7, 8 நிமிடம். கேஎல்ஐஏ பரந்து விரிந்த இடம். எந்த ஓடுபாதையில் இறங்குகிறது, எந்த முனையத்துக்குப் போகவேண்டும் என்பதைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். எதிர்பாராத தாமதத்துக்காக நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. அதனால்தான் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சில நாள் சரியான நேரத்துக்குச் சேர்ந்துவிடுகிறது. விமானி வேகத்தைக் கூட்டிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். பெரும்பாலும் அந்தச் சேமிப்பு நேரத்தைச் செலவழித்திருப்பார்.

ஆக வானில் இருப்பது 40 முதல் 45 நிமிடம். அதுகூட 21 நிமிடத்தின் இரு மடங்கு. இதற்கான காரணம்தான் இந்தத் தடத்தின் உண்மையான அறிவியல்.

ஏறி முடிப்பதற்குள் இறங்கவேண்டும்

சென்னைக்குப் போகும் விமானம் 35,000 அடி உயரத்துக்கு ஏறி, அங்கேயே மூன்று மணி நேரம் சீராகப் பறக்கும். கோலாலம்பூர் விமானத்துக்கு அந்த வசதி இல்லை. அது பெரும்பாலும் 20,000 முதல் 30,000 அடிக்குள் நின்றுவிடும்.

25,000 அடி என்று எடுத்துக்கொள்வோம். ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 ரக விமானம் அந்த உயரத்தை எட்ட ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். அதற்குள் 110 கிலோமீட்டர் கடந்திருக்கும். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. 1,000 அடி இறங்க 3 கடல் மைல் வேண்டும். 25,000 அடிக்கு 75 கடல் மைல், அதாவது 140 கிலோமீட்டர். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து 250 கிலோமீட்டர் போய்விட்டது. சமமாகப் பறக்க மிஞ்சுவது 50 கிலோமீட்டருக்கும் குறைவு. நான்கு நிமிடத்தில் அது முடிந்துவிடும். இருக்கை வார் விளக்கு அணைந்ததும் பணியாளர்கள் தண்ணீர்ப் போத்தலை அவசர அவசரமாகக் கொடுத்து, உடனே குப்பையைச் சேகரிக்க வருகிறார்களே, அதன் காரணம் இப்போது புரியும். பாவம், அவர்களுக்கு வேறு வழியில்லை.

ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் போக முடியாது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. தரையிறங்கும் கட்டத்தில் அது இன்னும் பாதியாகக் குறையும்.

அப்படியானால் உயரே ஏறாமல் தாழ்வாகவே பறந்துவிடலாமே என்று கேட்கலாம். காற்று விடாது. 25,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை, 45 விழுக்காடுதான். அடர்த்தி குறைந்தால் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் தடை குறையும். தாழ்வாகப் பறந்தால் அடர்ந்த காற்றைக் கிழித்துக்கொண்டு போக எரிபொருள் ஆறாக ஓடும். மழை மேகங்களும் நம் வட்டாரத்தில் அந்த உயரங்களில்தான் குவிந்து கிடக்கின்றன.

சுழல்விசிறி விமானம் இந்தத் தடத்துக்கு ஒத்துவருவதும் இதனால்தான். சுபாங்கிலிருந்து சிலேத்தாருக்கு ஃபயர்ஃபிளை நிறுவனம் ஏடிஆர் 72 ரக விமானத்தை இயக்கியிருக்கிறது. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். ஜெட் விமானத்தோடு ஒப்பிட்டால் நோஞ்சான். ஆனாலும் 300 கிலோமீட்டர் தூரத்தில் அது பின்தங்குவது பத்துப் பதினைந்து நிமிடம் மட்டுமே. ஜெட் தன் வேகத்தைக் காட்ட இங்கே இடமே இல்லை.

பருவக்காற்றும் ஓடுபாதையும்

வரைபடத்தில் நாம் போட்ட நேர்கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை. காற்றுக்கு எதிராகவே ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பது விமானத்தின் அடிப்படை விதி. சாங்கியின் ஓடுபாதைகள் 02 - 20 என்று எண்ணிடப்பட்டவை. ஒரு முனை வடக்கிலிருந்து 20 பாகை, மறுமுனை 200 பாகை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வடக்கு நோக்கிக் கிளம்பும். தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்கு நோக்கி. கோலாலம்பூர் இருப்பதோ வடமேற்கே, ஏறக்குறைய 300 பாகையில். எந்த முனையில் கிளம்பினாலும் ஒரு பெரிய திருப்பம் தப்பாது.

கேஎல்ஐஏ ஓடுபாதைகள் 14 - 32 என்ற திசையில் அமைந்தவை. 32இல் இறங்கினால் நம் விமானம் வந்த திசையிலேயே ஏறக்குறைய நேராகப் போய் இறங்கிவிடலாம். 14இல் இறங்கவேண்டிய நாளில் விமான நிலையத்தைத் தாண்டிப் போய், வளைந்து திரும்பி வரவேண்டும். அந்த வளைவுக்கே சில நிமிடங்கள் ஆகும். சன்னலோரம் உட்கார்ந்து, “கீழே தெரிகிறதே, ஏன் இறங்கவில்லை” என்று புலம்புவோர் ஓடுபாதை எண்ணைத்தான் குறை சொல்லவேண்டும்.

முன்னால் போகும் விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பும் சுழல்காற்று இன்னொரு காரணம். ஏ320 போன்ற நடுத்தர விமானம் பெரிய விமானத்தின் பின்னால் இறங்க 5 கடல் மைல் இடைவெளி விடவேண்டும். முன்னால் போவது இரண்டடுக்கு ஏ380 என்றால் 7 கடல் மைல், அதாவது 13 கிலோமீட்டர். லண்டனிலிருந்து வரும் ராட்சத விமானத்துக்குப் பின்னால் வரிசையில் மாட்டிக்கொண்டால் 13 மணி நேரம் பறந்து வந்தவருக்கு அந்தச் சில நிமிடம் தெரியாது. 40 நிமிடம் பறந்த நமக்குத் தெரியும்.

நீண்ட தூரத் தடங்களில் பெரிய பங்கு வகிக்கும் வான்காற்று இங்கே அவ்வளவாகப் பொருட்டில்லை. தோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போக ஏறத்தாழ 10 மணி நேரம், திரும்பி வர அதைவிட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அதிகம். அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் வேகக்காற்று கிழக்கே போகும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது. நிலநடுக்கோட்டின் மேலே அந்தக் காற்று கிடையாது. போனாலும் வந்தாலும் நமக்கு ஏறக்குறைய ஒரே நேரம்தான்.

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். பூமி கிழக்கு நோக்கி, நிலநடுக்கோட்டில் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறதே, மேற்கே இருக்கும் கோலாலம்பூர் நம்மை நோக்கி வந்துவிடாதா? வராது. பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. சாங்கியில் நின்ற விமானமும் அந்த வேகத்தோடுதான் கிளம்புகிறது. ஓடும் ரயிலுக்குள் எகிறிக் குதித்தால் நின்ற இடத்திலேயேதானே விழுகிறோம்.

கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு

இரு நகரங்களுக்கும் ஒரே நேரம் என்பதால் சீட்டில் உள்ள இரண்டு எண்களைக் கழித்தாலே பயண நேரம் கிடைத்துவிடுகிறது. சென்னைச் சீட்டில் 10.00 புறப்பாடு, 11.40 சேருதல் என்று பார்த்து ஒரு மணி 40 நிமிடத்தில் போய்விடலாம் என்று யாராவது மகிழ்ந்தால், இரண்டரை மணி நேர வித்தியாசத்தை நினைவூட்டவேண்டும்.

இந்த ஒற்றுமை வந்த நாள் 1982 ஜனவரி 1. அதற்கு முந்திய இரவு 11.30 மணிக்கே, தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிப் புத்தாண்டுக்குள் நுழைந்தன. சூரியனுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது சிங்கப்பூருக்கு எட்டரை நிமிடம் கழித்துத்தான்.

முகூர்த்தத்துக்குப் போக முடியுமா?

கோலாலம்பூரில் காலை 9 மணிக்கு முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து சாங்கிக்கு 40 நிமிடம். புறப்பாட்டுக்கு 90 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேரவேண்டும். பயணம் 70 நிமிடம். இறங்கி, நடந்து, குடிநுழைவைக் கடக்க 40 நிமிடம். விரைவு ரயிலுக்குக் காத்திருந்து கேஎல் சென்ட்ரல் போய்ச்சேர 45 நிமிடம். மொத்தம் 285 நிமிடம், அதாவது 4 மணி 45 நிமிடம். விடியற்காலை 4.15க்குக் கிளம்பி, 6.25 மணி விமானத்தைப் பிடித்தாலும், கேஎல் சென்ட்ரலில் இறங்கும்போது மணி 9. மண்டபத்துக்கு டாக்சி இனிமேல்தான் பிடிக்கவேண்டும். முதல் நாள் மாலையே போய்விடுங்கள்.

315 கிலோமீட்டரை 4 மணி 45 நிமிடத்தால் வகுத்தால் வேகம் மணிக்கு 66 கிலோமீட்டர். தீவு விரைவுச்சாலையில் நிதானமாகப் போகும் காரின் வேகம்கூட இதைவிட அதிகம். எல்லையில் நெரிசல் இல்லாத நாளில் பேருந்து 5 முதல் 6 மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

விமானத்தின் வேகத்தைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது. இரு மடங்கு வேகமான விமானம் வந்தாலும் மிச்சமாவது அதிகபட்சம் பத்து நிமிடம்.

வரலாறும் அதையே காட்டுகிறது. வேர்ன்ஸ் நிறுவனம் 1937 ஜூன் மாதம், புதிதாகத் திறந்த காலாங் விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர், பினாங்குக்குச் சேவை தொடங்கியது. ஒட்டுப்பலகையும் துணியும் கொண்டு செய்த டிராகன் ராப்பிட் விமானம் அது. போர் முடிந்தபின் 1947 மே 1ஆம் தேதி மலாயன் ஏர்வேஸ் தன் அட்டவணைச் சேவையை ஏர்ஸ்பீட் கான்சல் ரக விமானத்தில் தொடங்கியது. ஐந்து பயணிகள்தான் அமரலாம். வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவு. அப்போதைய கோலாலம்பூர் விமான நிலையம் நகரத்தை ஒட்டிய சுங்கை பீசியில் இருந்தது. காலாங்கிலிருந்து 313 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 75 நிமிடம். வேகம் மூன்று மடங்குக்கு மேல் கூடியும், இன்றைய சீட்டில் உள்ள நேரம் அதையொட்டித்தான் இருக்கிறது. அன்று இறங்கியதும் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். பிறகு விமான நிலையம் 1965இல் சுபாங்குக்கும், 1998இல் செப்பாங்குக்கும் தள்ளித் தள்ளிப் போனது. பெரிய விமானங்களுக்கு இடம் வேண்டுமே.

நகரத்திலிருந்து நகரத்துக்குள்ளேயே கொண்டுபோய் விடும் வழி ஒன்று பேசப்பட்டது. 350 கிலோமீட்டர் அதிவேக ரயில் தடம், 90 நிமிடப் பயணம். குடிநுழைவுச் சோதனை புறப்படும் இடத்திலேயே ஒரே முறையில் முடிந்துவிடும் என்பது திட்டம். 2016 டிசம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அது கைவிடப்பட்டது. சிங்கப்பூர்ப் பக்கம் அதன் நிலையம் ஜூரோங் ஈஸ்ட்டில் அமைவதாக இருந்தது. கோலாலம்பூரில் அதற்குக் குறித்திருந்த இடம் பண்டார் மலேசியா, அதாவது 1947இல் அந்த ஐந்து பயணி விமானம் வந்திறங்கிய பழைய சுங்கை பீசி விமானத் திடல்.